1.6 கிலோ வாங்கினால் 306 கிராம்தான் மிஞ்சும்: டான்டலம், டங்ஸ்டன் மூசைகளுக்கு ஏன் இவ்வளவு செலவு?

உயரம் 5 செ.மீ., விட்டம் 5 செ.மீ., சுவரின் கனம் 2 மி.மீ. பார்க்க ஒரு சின்ன டீ டம்ளர் மாதிரிதான் இருக்கும். ஆனால், டான்டலம் என்ற உலோகத்தில் இதை லேத்தில் கடைந்து எடுக்க வேண்டுமென்றால், நீங்கள் 1,635 கிராம் எடையுள்ள உருளைத் தண்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் கையில் இருப்பது 306 கிராம். மீதி 1,329 கிராம் சீவலாகப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய உலோகத்தில் 81 சதவீதம் கோப்பைக்குள் வரவே இல்லை.

இதே கோப்பையைத் தகட்டிலிருந்து அழுத்தி எடுத்தால் சுமார் 440 கிராம் போதும். அப்படியானால் எல்லோரும் தகட்டிலேயே செய்துகொள்ளலாமே? முடியாது. ஒரே ஒரு கோப்பைதான் வேண்டும் என்றால், தகட்டு முறை லேத்தைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். டான்டலத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் என்றால், தகடு அழுத்தும்போதே வெடித்துவிடலாம்.

மிக அதிக வெப்பத்தைத் தாங்கும் இந்த உலோகக் கோப்பைகள் எப்படித் தயாராகின்றன? எந்த முறைக்கு எவ்வளவு செலவு? இதைப் பற்றி இந்தியாவில் இப்போது ஏன் பேச வேண்டியிருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மூசை என்றால் என்ன, இந்தியாவுக்கு இப்போது ஏன் தேவை?

நகைப் பட்டறையில் தங்கத்தை உருக்கும் சிறு கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மூசை. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் அதற்குக் களிமண் அல்லது கிராஃபைட் கிண்ணம் போதும். ஆனால், சில பொருட்களுக்கு அந்தக் கிண்ணங்கள் உதவாது.

உதாரணமாக, மின்சார வாகன மோட்டார்களிலும் காற்றாலைகளிலும் இருக்கும் சக்திவாய்ந்த காந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அரிய மண் உலோகங்கள் வேண்டும். உருகிய நிலையில் இவை ஆக்சிஜனுக்கு அலைபவை. பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால் அந்தப் பீங்கானிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கிராஃபைட்டில் ஊற்றினால் கார்பனை இழுத்துக்கொள்ளும். இரண்டிலும் உலோகம் கெட்டுப்போகும்.

அதனால்தான் டங்ஸ்டன், மாலிப்டினம், டான்டலம் கோப்பைகள் தேவைப்படுகின்றன. நியோடிமியம் தயாரிக்கும் பரவலான முறையில், அதன் ஆக்சைடை ஃப்ளோரைடு உப்புக் குழம்பில் கரைத்து, 1,000 டிகிரிக்கு மேல் மின்சாரம் செலுத்துகிறார்கள். துளித்துளியாக அடியில் இறங்கும் உலோகத்தைப் பிடிக்கும் கோப்பை பெரும்பாலும் டங்ஸ்டன் அல்லது மாலிப்டினத்தால் ஆனது. டிஸ்ப்ரோசியம் போன்றவற்றை ஃப்ளோரைடிலிருந்து கால்சியம் சேர்த்துப் பிரிக்கும்போது டான்டலம் மூசை பயன்படுகிறது.

2025 நவம்பர் 26 அன்று, மத்திய அமைச்சரவை அரிய மண் நிரந்தரக் காந்தங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் என்பது இலக்கு. ஆக்சைடை உலோகமாக்குவது, உலோகத்தைக் கலவையாக்குவது, கலவையைக் காந்தமாக்குவது என எல்லாப் படிகளும் இதில் அடங்கும். முதல் படியிலேயே இந்தக் கோப்பைகள் வேண்டும். திட்டத்தைப் பற்றிய செய்திகளில் இவை தலைகாட்டுவதில்லை. ஆனால் ஆலையை நடத்துபவரின் செலவுக் கணக்கில் மாதாமாதம் வந்து நிற்கும்.

காந்தம் மட்டுமல்ல. கைக்கடிகாரக் கண்ணாடி, கேமரா மூடி, எல்.இ.டி. விளக்கின் அடித்தளம் ஆகியவற்றுக்கான செயற்கை நீலக்கல் படிகம் சுமார் 2,050 டிகிரியில் உருகும் அலுமினாவிலிருந்து வளர்க்கப்படுகிறது. அந்த உலைக்குள்ளும் இதே உலோகங்கள்தான்.

நான்கு உலோகங்கள், நான்கு குணங்கள்

இரும்பு 1,538 டிகிரியில் உருகும். நம் கதையில் வரும் உலோகங்கள் அதற்கு வெகு தொலைவில் இருக்கின்றன. நாம் எடுத்துக்கொண்ட அதே 5 செ.மீ. கோப்பை ஒவ்வொரு உலோகத்திலும் எவ்வளவு எடை இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

• நியோபியம்: உருகுநிலை 2,477 டிகிரி, கோப்பையின் எடை 158 கிராம்
• மாலிப்டினம்: 2,623 டிகிரி, 188 கிராம்
• டான்டலம்: 3,017 டிகிரி, 306 கிராம்
• டங்ஸ்டன்: 3,422 டிகிரி, 354 கிராம்

உலோகத்தைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம். ஆனால் கோப்பைக்குத் தேவைப்படுவது கன அளவு. அதனால் கிலோ விலை ஒன்றாகவே இருந்தாலும், மாலிப்டினக் கோப்பைக்கு டங்ஸ்டனில் பாதியளவு பணம்தான் ஆகும். நான்கில் டான்டலம்தான் பொதுவாக விலை அதிகம்.

விலையைவிட முக்கியமானது குணம். டான்டலமும் நியோபியமும் சாதாரண வெப்பநிலையிலேயே வளையும், நீளும். மாலிப்டினத்தைக் கொஞ்சம் சூடாக்கினால் வளைந்துகொடுக்கும். டங்ஸ்டனோ சில நூறு டிகிரிக்குச் சூடாக்காவிட்டால் வளையாது, கண்ணாடி மாதிரி உடையும். எந்தத் தயாரிப்பு முறை சாத்தியம் என்பதை இந்த ஒரு குணமே பாதி முடிவு செய்துவிடுகிறது.

இன்னொரு விஷயம், நான்குக்குமே காற்று எதிரி. திறந்த வெளியில் சிவக்கச் சூடாக்கினால் மாலிப்டினம் ஆக்சைடாக மாறிப் புகையாகவே பறந்துவிடும். அதனால் வெற்றிடத்திலோ, ஆர்கான் வாயுவிலோதான் வேலை செய்ய வேண்டும். டங்ஸ்டனுக்கும் மாலிப்டினத்துக்கும் ஹைட்ரஜன் உலை ஒத்துவரும். டான்டலத்துக்கு அதுவே ஆபத்து. ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கிப்போகும். ஒரே பட்டறையில் நான்கையும் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எந்த உலையில் செய்வீர்கள் என்று கேளுங்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? ஆறு வழிகள்

இரும்பு, பித்தளை மாதிரி உருக்கி அச்சில் ஊற்றிவிட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். 3,422 டிகிரியில் உருகும் டங்ஸ்டனை ஊற்ற, அதைத் தாங்கும் அச்சு வேண்டுமே! அதனால்தான் வேறு வழிகள்.

1. லேத்தில் கடைவது

முழுத் தண்டை எடுத்து, வெளியே கடைந்து, உள்ளே குடைவது. அச்சு தேவையில்லை, டை தேவையில்லை. வரைபடம் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். அளவும் துல்லியமாக இருக்கும். ஒன்றிரண்டு கோப்பைக்கு, அவசரத் தேவைக்கு, இதுதான் வழி.

குறை என்ன என்பதை முதல் பத்தியிலேயே பார்த்துவிட்டோம். டங்ஸ்டன் என்றால் 1,890 கிராம் தண்டிலிருந்து 354 கிராம் கோப்பை. அதோடு, டான்டலம் வெட்டும் கருவியில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்கும். டங்ஸ்டனின் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். இரண்டுக்கும் மெதுவாக, பொறுமையாகக் கடைய வேண்டும். நேரமும் செலவுதான்.

சீவலைத் திருப்பி விற்கலாம். ஆனால் எண்ணெய் கலந்த, வேறு உலோகத் துகள் சேர்ந்த சீவலுக்கு நல்ல விலை கிடைக்காது. தனியாகச் சேகரித்துச் சுத்தமாக வைத்தால்தான் ஓரளவு பணம் திரும்பும்.

2. தகட்டை அழுத்தி எடுப்பது

எவர்சில்வர் டம்ளர் செய்வதைப் போலத்தான். வட்டமாக வெட்டிய தகட்டை டை மீது வைத்து, குத்துக்கட்டையால் உள்ளே தள்ளினால் கோப்பை உருவாகும். பட்டறைகளில் டீப் டிராயிங் என்பார்கள். டான்டலத்துக்கும் நியோபியத்துக்கும் அருமையாகப் பொருந்தும். மாலிப்டினத்தைச் சூடாக்கிச் செய்வார்கள்.

நம் கோப்பைக்குச் சுமார் 108 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு வேண்டும். கோப்பையின் உள்விட்டம் 46 மி.மீ. அதாவது விகிதம் 2.35. ஒரே அழுத்தில் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய விகிதம் பொதுவாக 2 அளவில்தான் இருக்கும். அதனால் இரண்டு கட்டமாக அழுத்த வேண்டும். இரண்டு கட்டம் என்றால் இரண்டு டை, நடுவில் ஒருமுறை வெற்றிட உலையில் பதப்படுத்தல். கோப்பை ஆழமாக ஆக, செலவு படிப்படியாக ஏறுவது இதனால்தான்.

கவனிக்க வேண்டியது: அடிப்பாகம் திரும்பும் மூலையில் சுவர் மெலிந்துபோகலாம். 2 மி.மீ. தகட்டில் செய்தது என்பதற்காக எல்லா இடத்திலும் 2 மி.மீ. இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

3. சுழற்றி வடிப்பது

குயவர் சக்கரத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் அச்சின் மீது தகட்டை வைத்து, உருளையால் அழுத்தி அழுத்தி அச்சோடு படிய வைப்பது ஸ்பின்னிங். மாலிப்டினத் தகட்டைச் சுடரால் சூடாக்கிக்கொண்டே செய்வார்கள். டங்ஸ்டனையும் இன்னும் அதிக வெப்பத்தில் இப்படி வடிக்க முடியும், ஆனால் அனுபவமுள்ள கை வேண்டும்.

டீப் டிராயிங்குக்கு இரண்டு பக்கமும் டை வேண்டும். இதற்கு உள்பக்க அச்சு ஒன்று போதும். அதனால் கருவிச் செலவு குறைவு. ஒவ்வொரு கோப்பைக்கும் ஆகும் நேரம் அதிகம்.

4. தகட்டைச் சுருட்டி வெல்டிங் செய்வது

தகட்டைக் குழாயாகச் சுருட்டி, அடியில் ஒரு வட்டத்தை வைத்து ஒட்டுவது. அச்சே தேவையில்லை, உலோக இழப்பும் குறைவு. டான்டலம், நியோபியத்தில் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள்ளோ, எலெக்ட்ரான் கற்றையாலோ செய்தால் வெல்டிங் உறுதியாக இருக்கும்.

மாலிப்டினம், டங்ஸ்டனில் கதை வேறு. வெல்டிங் செய்த இடத்தில் உலோகத்தின் உள்மணிகள் பெரிதாகி, அந்தக் கோடு முழுக்க நொறுங்கும் தன்மை வந்துவிடும். மூசையில் உருகிய திரவம் முதலில் கசியும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

5. தூளை அழுத்திச் சுடுவது

டங்ஸ்டனுக்கும் மாலிப்டினத்துக்கும் இதுதான் ராஜபாட்டை. உலோகம் பிறக்கும்போதே தூளாகத்தான் பிறக்கிறது. ஆக்சைடை ஹைட்ரஜனில் சூடாக்கினால் சில மைக்ரான் அளவிலான உலோகத் தூள் கிடைக்கும். அந்தத் தூளை, நடுவில் எஃகு அச்சு வைத்த ரப்பர் பைக்குள் நிரப்பி, திரவத்தில் மூழ்கடித்து, 2,000 வளிமண்டல அழுத்தம் அளவுக்கு எல்லாத் திசையிலிருந்தும் நெருக்குவார்கள். வெளியே வருவது சாக்பீஸ் மாதிரி உதிரக்கூடிய கோப்பை. அதை ஹைட்ரஜன் உலையில் மணிக்கணக்கில் சுட்டால், உருகாமலேயே துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். டங்ஸ்டனுக்கு 2,000 டிகிரிக்கும் மேலே போக வேண்டும்.

அழுத்திய நிலையில் அடர்த்தி 60 சதவீதம், சுட்ட பிறகு 95 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கோப்பை எல்லாப் பக்கமும் சுமார் 14 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணித்து அச்சு செய்ய வேண்டும். தப்பினால் கோப்பை கோணலாகிவிடும். மீதமிருக்கும் 5 சதவீதம் நுண்துளைகள். அவை ஒன்றோடொன்று இணைந்திருந்தால் திரவம் ஊறும்.

பெரிய மூசைகளுக்கு இந்த முறையின் அருமை புரியும். 40 செ.மீ. விட்டம், 40 செ.மீ. உயரம், 1 செ.மீ. சுவர் கொண்ட டங்ஸ்டன் மூசையின் எடை சுமார் 116 கிலோ. இதையே தண்டிலிருந்து கடைந்தால் 968 கிலோ டங்ஸ்டன் கட்டி வேண்டும். யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். இங்கே போட்டி உலோக விலையில் இல்லை. அவ்வளவு பெரிய அழுத்துகலமும் உலையும் யாரிடம் இருக்கிறது என்பதில்தான்.

6. அணு அணுவாகப் படிய வைப்பது

டங்ஸ்டன் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடான அச்சின் மீது செலுத்தினால், டங்ஸ்டன் அடுக்கடுக்காகப் படியும். பிறகு அச்சை அகற்றிவிடலாம். ஆவிப்படிவு எனப்படும் இந்த முறையில் கிடைக்கும் சுவர் கிட்டத்தட்ட துளையே இல்லாதது, மிகத் தூய்மையானது. மெல்லிய சுவரும் சாத்தியம்.

விலை ஏன் கூடுகிறது? படிவது மிக மெதுவாக நடக்கும். அதோடு, நம் 354 கிராம் கோப்பைக்குக் குறைந்தது 573 கிராம் அந்த வாயு வேண்டும். வேதிவினையில் 231 கிராம் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வெளியாகும். இது கண்ணாடியையே அரிக்கும், மனிதருக்கு நச்சு. அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு இல்லாமல் இந்த ஆலையைத் திறக்கவே முடியாது. வாயு முழுவதும் வினைபுரிந்தால்தான் இந்த 573 கிராம் கணக்கு. நடைமுறையில் வாங்க வேண்டியது இன்னும் அதிகம்.

இதன் உறவுக்கார முறை பிளாஸ்மா தெளிப்பு. தூளை உருக்கி அச்சின் மீது தெளிப்பார்கள். வேகமானது, பெரிய அளவுக்கும் ஏற்றது, ஆனால் நுண்துளைகள் மிஞ்சும் என்பதால் மறுபடி சுட வேண்டியிருக்கும். லேசர் கொண்டு தூளை உருக்கும் த்ரீ-டி பிரிண்டிங்கும் வந்துவிட்டது. சிக்கலான வடிவங்களுக்குச் சரி. டங்ஸ்டனில், குளிரும்போது மயிரிழை விரிசல் விழுவது இன்னும் பெரிய தலைவலி. சாதாரணக் கோப்பை வடிவத்துக்கு அதைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை.

எத்தனை கோப்பை வேண்டும்? அதுதான் முதல் கேள்வி

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். நம் டான்டலம் கோப்பையை மூன்று முறைகளில் ஒப்பிடலாம். கீழே வரும் ரூபாய் எண்கள் சந்தை விலை அல்ல. கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் கையில் உண்மையான கொட்டேஷன் இருந்தால் அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

உலோகம் கிலோ 40,000 ரூபாய், சீவலையும் துண்டுகளையும் திருப்பி விற்றால் கிலோவுக்கு 10,000 ரூபாய் என்று கொள்வோம்.

• லேத்: உலோகம் 65,400 ரூபாய். சீவல் விற்பனையில் திரும்புவது 13,290 ரூபாய். கடையும் கூலி 8,000 ரூபாய். ஒரு கோப்பைக்கு 60,110 ரூபாய். கருவிச் செலவு இல்லை.

• ஸ்பின்னிங்: உலோகம் 17,600 ரூபாய். துண்டு விற்பனையில் 1,340 ரூபாய் திரும்பும். கூலியும் பதப்படுத்தலும் 10,000 ரூபாய். ஒரு கோப்பைக்கு 26,260 ரூபாய். அச்சுக்கு ஒருமுறை 40,000 ரூபாய்.

• டீப் டிராயிங்: உலோகக் கணக்கு அதேதான். கூலியும் பதப்படுத்தலும் 6,000 ரூபாய். ஒரு கோப்பைக்கு 22,260 ரூபாய். டைகளுக்கு ஒருமுறை 3,00,000 ரூபாய்.

இனி எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கலாம்.

ஒரு கோப்பை மட்டும் என்றால் லேத் 60,110 ரூபாய், ஸ்பின்னிங் 66,260 ரூபாய், டீப் டிராயிங் 3,22,260 ரூபாய். உலோகத்தில் 81 சதவீதத்தை வீணடித்தாலும் லேத்துதான் மலிவு!

பத்துக் கோப்பை என்றால், ஒன்றின் அடக்க விலை லேத்தில் அதே 60,110 ரூபாய். டீப் டிராயிங்கில் 52,260 ரூபாய். ஸ்பின்னிங்கில் 30,260 ரூபாய்.

நூறு கோப்பை என்றால் ஸ்பின்னிங் 26,660 ரூபாய், டீப் டிராயிங் 25,260 ரூபாய்.

இந்த எண்களின்படி இரண்டாவது கோப்பையிலேயே ஸ்பின்னிங் லேத்தை முந்திவிடுகிறது. 65 கோப்பைகள் வரை அதுவே முன்னணி. அதற்கு மேல் டீப் டிராயிங். உலோக விலை ஏறினால் லேத் இன்னும் பின்தங்கும். டை விலை ஏறினால் 65 என்ற எல்லை மேலே நகரும். எண்கள் மாறலாம், வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நம் நாட்டில் ஆய்வகங்களும் சிறு நிறுவனங்களும் பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்றுதான் வாங்குவார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஓர் அளவைக் கேட்பார்கள். ஒருவருக்கு 50 மி.மீ., இன்னொருவருக்கு 52 மி.மீ. விளைவு, எல்லோருமே லேத் விலை கொடுக்கிறார்கள். பத்து ஆய்வகங்கள் ஒரே அளவை ஒப்புக்கொண்டால், ஒவ்வொருவரின் செலவும் பாதியாகிவிடும். புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பேசிக்கொண்டால் போதும்.

மலிவான மூசை உண்மையில் மலிவா?

இதுவரை பார்த்தது வாங்கும் விலை. மூசையின் உண்மையான விலை, அது எத்தனை முறை உலைக்குள் போய் வருகிறது என்பதில் இருக்கிறது.

30,000 ரூபாய் மூசை 5 முறை தாங்கினால், ஓர் உருக்கலுக்கு 6,000 ரூபாய். 60,000 ரூபாய் மூசை 20 முறை தாங்கினால் 3,000 ரூபாய். இரண்டு மடங்கு விலை கொடுத்தவர்தான் பாதி செலவு செய்திருக்கிறார்.

செயற்கை நீலக்கல் தொழிலில் இந்த இரண்டு வழிகளையுமே பார்க்கலாம். ஒரு முறையில் படிகம் மூசைச் சுவரோடு ஒட்டியே உறையும். அதனால் மெல்லிய மாலிப்டின மூசையை ஒருமுறை பயன்படுத்திவிட்டு உரித்து எறிந்துவிடுவார்கள். இன்னொரு முறையில் படிகம் சுவரைத் தொடாமல் வளரும். அதற்குத் தடிமனான டங்ஸ்டன் மூசையை வாங்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இரண்டும் சரிதான். முதலாவதற்கு விலை உயர்ந்த மூசை வீண். இரண்டாவதற்கு மலிவான மூசை ஆபத்து.

ஆயுளைக் குறைப்பது எது? முக்கியமாக மூன்று விஷயங்கள். ஒன்று, உருகிய பொருள் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது. வெப்பம் ஏற ஏற இது வேகமாகும். இரண்டு, உலைக்குள் புகும் சிறிதளவு காற்று. மூன்று, உள்மணிகள் வளர்வது. முதல் முறை பெரும் வெப்பத்துக்குப் போய்வந்த மாலிப்டினம், டங்ஸ்டன் மூசைகள் வெளியே வரும்போது பழைய உறுதியோடு இருக்காது. கீழே வைக்கும்போது மேசையில் டொக்கென்று தட்டினாலே விளிம்பு பெயரலாம். மாலிப்டினத்தில் சிறிதளவு லாந்தனம் ஆக்சைடு சேர்த்தால் இந்த மாற்றம் தள்ளிப்போகும். அந்த வகைத் தகடு விலை கொஞ்சம் கூட, ஆனால் பலமுறை பயன்படுத்துபவருக்கு லாபம்.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது?

டங்ஸ்டன் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது மதுரை மேலூர் வட்டாரம்தான். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலமும், அரிட்டாபட்டி உள்ளிட்ட கிராமங்களின் போராட்டமும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் இன்னும் மறக்கவில்லை. ராஜஸ்தானின் டெகானாவில் முன்பு இயங்கிய டங்ஸ்டன் சுரங்கமும் மூடப்பட்டுவிட்டது.

உலகின் டங்ஸ்டன் சுரங்க உற்பத்தியில் சுமார் 80 சதவீதம் சீனாவில் நடக்கிறது. 2025 பிப்ரவரி 4 அன்று டங்ஸ்டன், மாலிப்டினம் உள்ளிட்ட ஐந்து உலோகங்கள் தொடர்பான பொருட்களுக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றின் காந்தங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. காந்தத்துக்கு மாற்று வழி தேடும் நாடு, அந்தக் காந்த உலோகத்தைப் பிடிக்கும் கோப்பைக்கும் அதே வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இந்தத் திறமை இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் 1973இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான மிதானி டங்ஸ்டன், மாலிப்டினப் பொருட்களைத் தயாரிக்கிறது. அதே நகரில் அணுசக்தித் துறையின் அணு எரிபொருள் வளாகம் டான்டலம், நியோபியம் ஆகியவற்றைக் கையாளும் பிரிவை நடத்துகிறது. பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளித் துறைகளுக்காக வளர்ந்த திறன் இது. காந்த ஆலைகள் பெருகும்போது, மாதாமாதம் மூசை கேட்டு வரும் தனியார் தொழிலுக்கும் இந்தத் திறன் எட்டுமா என்பதுதான் கேள்வி.

தேய்ந்த மூசைகளையும் மறக்கக் கூடாது. ஒரு பழைய 116 கிலோ டங்ஸ்டன் மூசை என்பது, தோண்டாமலேயே கிடைக்கும் தாது. சீவலையும் உடைந்த மூசைகளையும் உலோக வாரியாகப் பிரித்துச் சேகரித்தால், அதை மறுபடி தூளாக்க முடியும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டினால் அது வெறும் இரும்புக்கடைச் சரக்கு.

வாங்குவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் ஆய்வு மாணவராகவோ, சிறு தொழில் நடத்துபவராகவோ இருந்தால், ‘கிலோ என்ன விலை?’ என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். இவற்றையும் கேளுங்கள்.

• எந்த முறையில் செய்தது? தண்டா, தகடா, தூளா? வெல்டிங் கோடு இருக்கிறதா?

• தூளில் செய்தது என்றால் அடர்த்தி எத்தனை சதவீதம்? அளந்து சான்று தருவார்களா?

• தகட்டில் செய்தது என்றால் அடி மூலையில் சுவர்க் கனம் எவ்வளவு?

• வெல்டிங் உள்ள மூசை என்றால் ஹீலியம் கசிவுச் சோதனை செய்திருக்கிறார்களா?

• கடைசியாக எந்தச் சூழலில், எந்த வெப்பத்தில் பதப்படுத்தினார்கள்? டான்டலம் என்றால் வெற்றிட உலைதானா?

• அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் அச்சுகளின் அளவுகள் என்ன? உங்கள் உலையில் இரண்டு மி.மீ. மாற்றிக்கொள்ள முடிந்தால், அச்சுச் செலவே இல்லாமல் போகலாம்.

• சீவலையும் தேய்ந்த மூசையையும் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? என்ன விலைக்கு?

இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போடுங்கள். மூசைக்கு ஆன மொத்தச் செலவிலிருந்து, திருப்பி விற்றால் கிடைப்பதைக் கழித்துவிட்டு, அது தாங்கும் உருக்கல்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் உருக்கலுக்கு எவ்வளவு என்பது தெரியும். கொட்டேஷன்களை ஒப்பிட வேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான்.